மோதிரத்தின் அடிப்பக்கம்

அம்மாவின் மோதிரம் மூன்று வருடமாக என் மேசை இழுப்பறையில், பழைய சிம் கார்டுகளோடு கிடந்தது. மகளுடைய 18ஆவது பிறந்தநாளுக்குக் கொடுக்கலாமென்று எடுத்தபோதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். சிவப்புக்கல் பதித்த மேல்பக்கம் அகலம். உள்ளங்கைப் பக்கம் வரவர ஒடுங்கிப்போகும். அந்த ஒடுங்கிய இடத்தில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது.

பர்மிங்காமில் எம்.எஸ்ஸி. படிக்க வந்து, கணினி வேலையோடு இங்கேயே தங்கி இருபது வருடமாகிறது. நகைப்பட்டறைகள் நிறைந்த ஜுவல்லரி குவார்ட்டர் வழியாகப் பலமுறை போயிருக்கிறேன், இறங்கியது அன்றுதான்.

பட்டறைக்காரர் ஓர் அளவுக்கம்பியில் மோதிரத்தை நழுவவிட்டார். நுனி சிறுத்து அடி பருத்த கம்பி. ஆங்கில எழுத்துகளால் அளவு குறித்திருந்தது. 'எம்' எழுத்தில் மோதிரம் நின்றது. பிறகு லென்ஸை வைத்துப் பார்த்து, "இது செய்யும்போதே ஒடுங்கியதா, தேய்ந்து ஒடுங்கியதா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். அடிப்பக்கம் ஒடுங்கினால் பக்கத்து விரல்களில் உரசாது, கையை மூடினால் உறுத்தாது; அதற்காகவே அப்படிச் செய்வார்கள். அகலம் இருபுறமும் ஒரே சீராகக் குறைவதால், அது ஆசாரியின் வேலை. ஆனால் கனமும் குறைந்திருக்கிறது, அதுவும் ஒரு பக்கம் அதிகமாக. அது தேய்மானம். 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், மெதுவான உலோகம். குடத்தின் கழுத்து, அம்மிக் குழவி, டவுன் பஸ் கம்பி என்று அம்மா நாற்பது வருடம் பிடித்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

"நூல் எதற்கு?" என்று கேட்டார்.

விரல் மெலிந்தால் மோதிரம் கழன்று விழாமலிருக்க எங்கள் ஊரில் சுற்றுவார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வாராவாரம் வீடியோவில் பேசினேன். "சாப்பிடறியாம்மா?" என்பேன். "நல்லாத்தான் இருக்கேன்டா" என்பாள். கையசைக்கும்போது கல் மின்னும். நூல் உள்ளங்கைப் பக்கம் இருந்தது.

அடிப்பக்கக் கனம் 0.7 மில்லிமீட்டர்தான், போட்டால் முறிந்துவிடும், பாதி வளையத்தை அறுத்துப் புதுத் தங்கம் வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்றார். மகளுக்குப் போன் செய்தேன்.

"அறுத்துட்டா அது அப்பாயி மோதிரமா இருக்குமாப்பா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவளே கொஞ்ச நேரம் கழித்து, "டிராயர்ல இருந்தா மட்டும்?" என்றாள்.

நூலை மட்டும் நானே பிரித்தேன். அதே ஒடுக்கத்தில், இரண்டு மில்லிமீட்டர் கனத்தில், மகளின் அளவுக்குப் புது அரைவளையம் வைத்துக் கொடுத்தார். அறுத்தெடுத்த பழைய துண்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார். அதுவும் நூலும் இப்போது என் இழுப்பறையில் இருக்கின்றன.

மகள் மோதிரத்தைக் கழற்றுவதேயில்லை. பாத்திரம் தேய்க்கிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். கழற்றி வைக்கச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொள்கிறேன். தேயட்டும்.