ஆற்றின் நடுவே ஆறுமுகன்

முருகன் என்றதும் செட்டிநாட்டு அடியார்களின் நினைவுக்கு வருபவை குன்றக்குடியும் பழநியும். குன்றுகளில் குடிகொண்ட குமரன் திருச்செந்தூரில் கடலோரத்தில் காட்சி தருகிறான். அவனே ஆற்றின் நடுவில் வீற்றிருக்கும் தலமும் ஒன்று உண்டு. அது திருநெல்வேலி டவுனுக்கு அருகிலுள்ள குறுக்குத்துறை.

ஆற்றின் நடுவே நீர் சூழ அமைந்த நிலத்தை ஆற்றிடைக்குறை என்பர். அரங்கம், துருத்தி என்பனவும் அதன் பெயர்களே. திருவரங்கம் ஓர் ஊரையே தாங்கும் பெருந்தீவு. குறுக்குத்துறையோ ஒரு கோயிலைத் தாங்கும் சிறு பாறைத் திட்டு. 'திருவுருமாமலை' என்பது இதன் மற்றொரு பெயர். தெய்வத் திருவுருவங்கள் வடிக்க இங்கிருந்து கல் எடுக்கப்பட்டதால் அப்பெயர் என்பர். திருச்செந்தூர் முருகனின் திருமேனியும் இக்கல்லில் உருவானதே என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருக்கெடுக்கும். இதை அறிந்த முன்னோர், நீர் வந்து மோதும் பக்கத்து மதிலைப் படகின் முனைபோல் கூராக அமைத்தனர். வெள்ளம் அதில் பட்டு இருபுறமும் பிரிந்து ஓடும். நீர் பெருகும் அறிகுறி தெரிந்ததும் உற்சவர் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளுவார். உண்டியலும் பூசைப் பொருள்களும் உடன் செல்லும். மூலவர் மட்டும் இருந்த இடத்திலேயே ஆற்றின் அபிஷேகத்தை ஏற்பார்.

1992 நவம்பரில் தாமிரபரணி பெருவெள்ளம் கண்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது ஆறு மீண்டும் கரைபுரண்டு, இக்கோயிலை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்தது; சேறு அகற்றப்பட்டது; வழிபாடு தொடர்ந்தது. ஆற்றை எதிர்க்காமல், வந்தால் வழிவிட்டு, வடிந்தபின் திரும்புவதே இத்தலத்தின் மரபு.

ஆயினும் அடியார்கள் எண்ண வேண்டியது ஒன்று உண்டு. பரிகாரம் என்ற பெயரில் பழந்துணிகளை ஆற்றில் விடுகிறோம். எண்ணெயையும் சோப்பையும் கரைக்கிறோம். நகரத்துக் கழிவுநீரும் அதில் கலக்கிறது. பிற தலங்களில் அபிஷேக நீரைக் குடத்தில் வடிகட்டிக் கொண்டு செல்கிறோம். இங்கே ஆறே கருவறைக்குள் நுழைகிறது. கரையில் நாம் இடுவதெல்லாம் அவன் திருமேனியைத் தீண்டும்.

திருச்செந்தூர் செல்லும் அன்பர்கள் வழியில் குறுக்குத்துறையையும் தரிசிக்கலாம். வெள்ளமில்லாத நாள்களில் கோயிலுக்கு நடந்தே செல்லலாம். தாமிரபரணியில் நீராடி எழும்போது, உடுத்திச் சென்ற துணியைத் திரும்ப எடுத்து வருவதே அவனுக்குச் செய்யும் முதல் அர்ச்சனை.