இலை குடித்த தண்ணீர்

பட்டுப்புழு தண்ணீர் குடிப்பதில்லை. அதன் உடம்புக்கு வேண்டிய ஈரம் முழுவதும் அது தின்னும் மல்பெரி இலையிலிருந்தே வருகிறது. நான்கு முறை தோலுரித்த பிறகு, ஐந்தாம் பருவத்தில்தான் அது ஓயாமல் தின்கிறது. வாழ்நாளில் தின்னும் இலையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அந்தக் கடைசி வாரத்தில் போகிறது. அந்த இலை பட்டுச் சுரப்பியில் புரதமாகச் சேர, சந்திரிகை என்னும் கூடுகட்டும் தட்டில் ஏற்றியபின் புழு இரண்டு மூன்று நாளில் அதை ஒரே இழையாக விட்டுக் கூடு கட்டிவிடுகிறது. இந்த நூல் எந்த ஊருடையது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எங்கள் ஆய்வகக் கருவி ஊரை அளப்பதில்லை. ஏதோ ஒரு தோட்டத்தில், ஏதோ ஒரு வாரத்தில், மல்பெரிச் செடி குடித்த தண்ணீரையும் அதற்குக் கிடைத்த உரத்தையும் அளக்கிறது. அங்கிருந்து ஊர்வரை போய்ச் சேர்வது எங்கள் பொறுப்பு.

ஒரே தனிமத்தின் அணுக்களில் எடை சற்றுக் கூடியவையும் உண்டு. கார்பனில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று, ஆக்சிஜனில் ஐந்நூற்றில் ஒன்று, ஹைட்ரஜனில் சுமார் 6,400-இல் ஒன்று. இவை கதிரியக்கத்தால் சிதையாத, நிலையான ஐசோடோப்புகள். இடத்துக்கு இடம் மாறுவது இவற்றின் விகிதம். கார்பனிலும் நைட்ரஜனிலும் அந்த மாற்றம் ஆயிரத்தில் சில பங்குதான். அதை அளக்க அரை மில்லிகிராம் நூல் போதும். தகரக் குப்பியில் மடித்து உலையில் எரித்து, வரும் வாயுவை நிறைமாலைமானிக்குள் அனுப்புகிறோம். ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் வெள்ளிக் குப்பியும், ஆக்சிஜன் புகாத 1,400 டிகிரி உலையும் வேண்டும். 20 டெனியர் கச்சாப் பட்டில் அரை மில்லிகிராம் என்பது சுமார் 22 சென்டிமீட்டர் இழை. சேலையின் முறுக்கு நூலில் அதைவிடவும் குறைவு. முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலே போதும் என்று தெரிந்ததும் சேலைக்காரர்கள் முகத்தில் தெரியும் நிம்மதி எனக்குப் பிடிக்கும்.

நான்கு தனிமங்களில் என் மனம் எப்போதும் ஹைட்ரஜன் பக்கமும் ஆக்சிஜன் பக்கமுமே சாயும். கடலிலிருந்து புறப்பட்ட மேகம் உள்நாட்டுக்குள் போகப் போக, மலை ஏற ஏற, எடை கூடிய தண்ணீரை முதலில் இறக்கிவிடுகிறது. தொலைவிலும் உயரத்திலும் விழும் மழை எடை குறைந்தது. தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை பொதுவாகத் தென்மேற்கு மழையைவிட எடை குறைந்திருக்கும். காஷ்மீரில் குளிர்காலப் பனி மண்ணுக்குள் இறங்க, வசந்தத்தில் மல்பெரி மரம் துளிர்க்கிறது. அங்கே பட்டு வளர்ப்பு பெரிதும் அந்த வசந்தப் பருவத்தில்தான். ஆகவே காஷ்மீர்ப் பட்டையும் மைசூர்ப் பீடபூமிப் பட்டையும் பிரித்துச் சொல்வது பெரிய சிரமமில்லை.

சிரமம் எங்கே தொடங்குகிறது என்றால், ஒரே தோட்டத்துக்குள். தெற்கே ஆண்டுக்கு ஐந்து அறுவடைகூட எடுக்கிறார்கள். மார்ச் மாத வெயிலில் இலை வழியாக நீர் ஆவியாகும்போது எடை குறைந்தது முதலில் பறந்துபோகும். எடை கூடியது இலையில் தங்கும். அக்டோபரில் அதே செடியின் இலை வேறு எண்ணைத் தரும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஆண்டு மழையின் கலவை. ஏரி நீர் வெயிலில் ஆவியாகி எடை கூடியது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்று கிணற்றையும் மற்றது ஏரியையும் நம்பியிருந்தால், அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு இரண்டு மாவட்டங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

நைட்ரஜன் உரத்தைச் சொல்கிறது. யூரியா காற்றின் நைட்ரஜனிலிருந்து செய்யப்படுவதால் அதன் விகிதம் காற்றை ஒட்டியே இருக்கும். தொழு உரத்தில் அம்மோனியா ஆவியாகிப் போகப் போக மிச்சம் எடை கூடிவிடும். கார்பன் இந்த வேலையில் கொஞ்சம் ஏமாற்றம்தான். மல்பெரி, ஆமணக்கு, மருது என்று பட்டுப்புழுக்கள் தின்னும் செடிகள் எல்லாமே ஒரே வகை ஒளிச்சேர்க்கை செய்பவை. வறட்சியில் வளர்ந்த இலைக்கும் பாசனத்தில் வளர்ந்த இலைக்கும் உள்ள வேறுபாடு மட்டும் அதில் தெரியும். கம்பளியில் கந்தகம் நல்ல துணை. பட்டிழையின் புரதமான ஃபைப்ராயினில் அது ஏறக்குறைய இல்லை.

இன்னொரு சிக்கல் நூற்பில் இருக்கிறது. 20 டெனியர் நூல் ஒரு கூட்டின் இழை அல்ல. எட்டுப் பத்துக் கூடுகளின் இழைகள் சேர்ந்தது. ராமநகர சந்தையில் பல தாலுகாக்களின் கூடுகள் ஒரே கூரையின்கீழ் ஏலம் போகின்றன. நூற்பாளர் இரண்டு மூன்று குவியல்களை வாங்கி ஒன்றாக வெந்நீரில் போடுவார். அந்த நூலின் எண் ஒரு வயலுக்கு உரியதல்ல, ஒரு சந்தைக்கு உரியது. அதனால்தான் ஒப்பீட்டுக்குக் கடையில் வாங்கிய நூலை நான் ஏற்பதில்லை. தோட்டத்துக்கே போய்க் கூட்டை வாங்கி, கத்தரித்துக் கூட்டுப்புழுவை எடுத்துவிட்டு, நீர் எங்கிருந்து வந்தது, என்ன உரம், எந்த மாதம், எந்த ரகப் புழு என்று உறையின் மேலேயே எழுதிக்கொள்வேன். இலையையும் எடுத்துவருவேன். ஆனால் இலையின் எண்ணோடு பட்டின் எண்ணை நேராக ஒப்பிட முடியாது. பட்டில் நிறைந்திருக்கும் கிளைசினையும் அலனைனையும் புழு தன் உடம்பிலேயே பெருமளவு தயாரித்துக்கொள்கிறது; அதில் விகிதம் நகர்ந்துவிடும். பட்டைப் பட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதிலும் பசை எடுக்காத கோராவைக் கோராவோடு, பசை எடுத்ததைப் பசை எடுத்ததோடு. சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் கிலோவுக்குக் கால் கிலோ, செரிசின் என்னும் அந்தப் பசையாகக் கரைந்துவிடும். செரிசினின் அமினோ அமிலச் சேர்க்கை வேறு, ஃபைப்ராயினுடையது வேறு. பசை அரைகுறையாகப் போன நூல் அரைகுறையான பதிலைத்தான் தரும். பிறகு சாயம். பெட்ரோலியத்திலிருந்து வந்த சாயத்தின் கார்பன் எந்தத் தோட்டத்திலும் விளைந்ததல்ல. அடர்ந்த கறுப்பு நூலைக் கண்டால் கார்பன் எண்ணை ஒதுக்கிவைத்துவிடுவேன். பட்டில் உள்ள ஹைட்ரஜனில் ஒரு பகுதி, அறைக்காற்றின் ஈரத்தோடு ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் மாதிரியையும் ஒப்பீட்டுப் பொருளையும் ஒரே தட்டில், ஒரே ஈரத்தில், ஒரே கால அளவுக்கு வைத்தபிறகே உலைக்கு அனுப்புகிறோம். இந்தக் காத்திருப்பை அவசரம் என்று சொல்லிச் சுருக்க நான் யாரையும் விடுவதில்லை.

காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பெரியவர் கேட்டார்: “ஏம்மா, இது சீன நூலா நம்ம நூலான்னு ஒரே வார்த்தையில உங்க மெஷின் சொல்லாதா?” அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. பட்டு முத்திரை, இது சுத்தமான பட்டு என்று மட்டும் உறுதி சொல்கிறது. புழு எங்கே வளர்ந்தது என்று சொல்வதில்லை. காஞ்சிபுரம் பட்டின் புவிசார் குறியீடும் நெசவுக்கு உரியது. அந்தத் தறிகளுக்குக் கர்நாடகத்து நூல் போவது யாரும் மறைக்காத செய்தி. சேலை பிறந்த ஊரும் நூல் பிறந்த ஊரும் வேறு வேறு. எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் உள்நாட்டு நூலுக்கான விலையைக் கொடுத்து இறக்குமதி நூலைப் பெற்றால், அது நெசவாளரின் கைக்காசு.

அவருக்கு நான் சொன்ன பதில் நீளமாகத்தான் இருந்தது. சீனம் என்று ஒரே எண் கிடையாது. இந்த நூற்றாண்டில் அங்கே கூடு உற்பத்தி ஜெஜியாங், ஜியாங்சு பக்கமிருந்து தெற்கே குவாங்சிக்கு நகர்ந்துவிட்டது. குவாங்சி வெப்பமும் மழையும் மிகுந்த பகுதி. அந்தப் பட்டு ஹாங்ஜோ பக்கத்துப் பட்டைப் போல இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே “இது குவாங்சி” என்று என் அறிக்கையில் எழுத மாட்டேன். “கர்நாடகம், தமிழ்நாடு என்று சொல்லப்படும் மூலத்தோடு இந்த நூல் ஒத்துப்போகவில்லை” என்று எழுதுவேன், எண்கள் அவ்வளவு தூரம் விலகி நின்றால். ஒத்துப்போனாலும் “ஒத்துப்போகிறது” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். வேறோர் ஊரின் மழையும் அதே எண்ணைத் தரலாம். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, “இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியும்னா அதுவே பெரிய உதவிம்மா” என்றார்.

பழைய பட்டைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அங்கே இன்னும் எச்சரிக்கை வேண்டும். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்ததால் காற்றின் கார்பன் விகிதமே தொழிற்புரட்சிக்குப் பின் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது. பாட்டியின் கூறைச்சேலையை இன்றைய கூட்டோடு நேராக ஒப்பிட்டால் அந்த இறக்கத்தையே ஊர் வேறுபாடு என்று படித்துவிடுவோம். திருத்தம் செய்யலாம், நெய்த காலம் தெரிந்தால்.

ஆகவே புதிய கருவியைவிடக் கூடுகளுக்காகவே நான் அதிகம் வாதாடுகிறேன். ஒசூர், தருமபுரி, உடுமலை, ராமநகரம், மால்டா, காஷ்மீர் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் அறுவடையிலும் சில கூடுகளை விவரத்தோடு எடுத்து உலர்த்தி வைத்தால் போதும். செலவு மிகக் குறைவு. இந்தப் பருவத்து மழையைத் தின்ற கூடு அடுத்த பருவத்தில் கிடைக்காது. இப்போது ஐப்பசி அறுவடை வந்துகொண்டிருக்கிறது, உறைகளைத் தைத்துக்கொண்டிருக்கிறோம்.