உளித்தலைத் துகள்

செஞ்சிக்கு வருவோர் இராசகிரியை அண்ணாந்து பார்ப்பர். நாங்களோ அம்மலையடியில் உளியோசை கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் தந்தையார் கல்லுடைக்கும் தொழிலாளி.

சம்மட்டி அடிபட்டு உளியின் தலை காளான்போல் விரிந்துவிடும். அவ்விளிம்பைத் தேய்த்த பின்னரே வேலை தொடங்கவேண்டும் என்பார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி முற்பகலில் அவரே அதை மறந்தார். கடுகினும் சிறிய எஃகுத் துகளொன்று தெறித்து அவருடைய வலக்கண்ணுள் புகுந்தது.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு காந்தம் இருந்தது. பழுதான வானொலியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது. மழை ஓய்ந்ததும் சங்கராபரணி மணலில் அதை இழுத்துக் கருமணல் திரட்டுவது எங்கள் விளையாட்டு. "இரும்புதானே! காந்தத்தைக் கண்ணருகே பிடியுங்கள், தானே வந்துவிடும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். தந்தையாரும் இசைந்தார். எங்கள் அக்காள் காந்தத்தைக் கையில் எடுத்தும்விட்டாள். அம்மாதான் தடுத்தார். காரணம் கேட்டதற்கு, "வேண்டாமென்றால் வேண்டாம்" என்பதற்குமேல் அவரிடம் விடையில்லை.

காரணத்தைப் புதுவையில் கண் மருத்துவர் காட்டினார். மேசைமேல் ஒரு குண்டூசியை வைத்துக் காந்தத்தை மெல்ல நகர்த்தினார். ஊசி அசையவில்லை, இன்னும் நெருங்கியும் அசையவில்லை, திடீரெனத் துள்ளி ஒட்டிக்கொண்டது. அன்பர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மெல்ல ஊர்ந்து வருதல் என்பதே ஏறக்குறைய இல்லை. "கண்ணுக்குள்ளும் துகள் இப்படித்தான் துள்ளும். வழியிலுள்ள வில்லையையும் விழித்திரையையும் கிழித்துவிடும்" என்றார்.

இரு காந்தத் துருவங்களுக்கிடையே தொலைவு இருமடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகும் என்று 1785-இல் கூலும் அளந்து கண்டார். இரும்புத் துகளின் நிலையோ வேறு. அதற்குச் சொந்தக் காந்தம் இல்லை. அருகிலுள்ள காந்தத்திடம் கடன் வாங்குகிறது. காந்தத்தில் தொங்கும் வளையம் மற்றொரு வளையத்தை ஈர்க்க, அது இன்னொன்றை ஈர்க்கச் சங்கிலியாகத் தொங்கியதைக் கண்டு வியந்ததாகப் புனித அகுஸ்தினார் தம் 'இறைவனின் நகர்' நூலில் எழுதியுள்ளார். அச்சங்கிலியும் கடன்பட்ட காந்தமே. விலக விலக ஈர்ப்பும் குறைகிறது, கடனும் குறைகிறது. ஆகவே காந்தத்தின் அளவைவிடப் பன்மடங்கு தள்ளியிருக்கும் சிறு துகளுக்குத் தொலைவு இருமடங்கானால், விசை 128-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நெருங்கும்போது அதே வேகத்தில் பெருகும். இதைப் பின்னாளில் படித்தபோது அக்காளின் கை எங்கள் நினைவுக்கு வந்தது.

காந்தத்தை மருத்துவர்கள் வெறுத்தவர்களல்லர். கண்ணுள் புகுந்த இரும்பை மின்காந்தத்தால் எடுக்கும் முறையை 1879-இல் பெர்லினில் ஹிர்ஷ்பெர்க் கையாண்டார். எங்கள் மருத்துவரும் துகள் கிடந்த இடத்தை முதலில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் கண்டறிந்தார். பிறகு அதற்கு நேராகச் சிறு திறப்பிட்டு, காந்த முனையை அங்கே கொண்டுசென்றார். துள்ளலைத் தடுக்க இயலாது. துள்ளும் வழியைத் தேர்ந்துகொள்ளலாம். இன்று எம்.ஆர்.ஐ. அறைக்குள் செல்லுமுன், கண்ணில் எப்போதேனும் இரும்பு பட்டதுண்டா என்று கேட்கிறார்கள். உலோக வேலை செய்தோர் அக்கேள்விக்கு மறவாமல் விடை கூறவேண்டும்.

கண் பிழைத்தது, பார்வை மங்கலாகவே நின்றது. துகளைச் சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டுத் தந்தார்கள். வீடு திரும்பிய அன்றிரவு நாங்கள் பழைய காந்தத்தைக் குப்பியருகே கொண்டுபோனோம். நான்கு விரற்கடையில் ஒன்றுமில்லை. மூன்றில் ஒன்றுமில்லை. அதற்குமேல் நெருங்க அக்காள் விடவில்லை. திண்ணையில் தந்தையார் இடக்கண்ணால் உளியின் தலையைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.