தகட்டில் உதித்த சூரியன்

மோட்டார் வண்டியின் நம்பர் தகட்டை யார் ஊன்றிப் பார்க்கிறார்கள்? போலீஸ்காரர் பார்ப்பார், விபத்து நேர்ந்துவிட்டால் வக்கீலும் பார்ப்பார். மற்றவர்களுக்கு அது வெறும் எழுத்தும் எண்ணுந்தான். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அமெரிக்காவில் உள்ள நியூ மெக்ஸிகோ ராஜ்யத்துக்குப் போய் வந்த பிறகு, அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

அல்புகர்க்கி நகரில் நம்மை அழைத்துப் போக ஒரு நண்பர் வண்டியுடன் வந்திருந்தார். வண்டியைக் காட்டிலும் அதன் பின்புறத்துத் தகடே நம் கண்ணைக் கவர்ந்தது. அந்நாட்டு மலைகளில் வெட்டியெடுக்கும் நீலப்பச்சைக் கல்லின் நிறம். அதன்மேல் மஞ்சள் எழுத்துக்கள். கூடவே ஒரு மஞ்சள் சூரியன். 1912-ஆம் ஆண்டில் நியூ மெக்ஸிகோ ஐக்கிய நாடுகளுடன் ஒரு ராஜ்யமாகச் சேர்ந்தது. அதன் நூறாவது ஆண்டு நிறைவின் ஞாபகார்த்தமாக வெளியிட்ட தகடு அது. ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 'யு.எஸ்.ஏ.' என்றும் பொறித்திருந்தது. காரணம் கேட்டோம். அமெரிக்கர்களிலேயே பலர் இதை அயல்நாடான மெக்ஸிகோ என்று எண்ணிக்கொள்கிறார்களாம்! அந்த மயக்கத்தைத் தீர்க்கும் வேலையும் தகட்டின் தலையில் விழுந்திருக்கிறது.

தகட்டைக் கொண்டு ஊர்ப் பெருமையைப் பரப்புவது அங்கே பழைய வழக்கம். ஐடஹோ ராஜ்யம் 1928-ஆம் ஆண்டிலேயே தன் உருளைக்கிழங்கின் உருவத்தைத் தகட்டில் பொறித்துவிட்டது. கனடாவின் வடமேற்குப் பிரதேசமோ 1970-இல் தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, தகட்டையே பனிக்கரடியின் வடிவத்தில் வெட்டிவிட்டது. நியூ மெக்ஸிகோ 1941 முதல் தன்னை 'மனத்தை மயக்கும் பூமி' என்று தகட்டில் கூறிக்கொள்கிறது. 2017-இல் மிளகாய்ப் படம் போட்ட தகடு ஒன்றும் வந்தது. உலகத்து மிளகாய்க்கெல்லாம் தலைநகரம் தாங்களே என்று அதில் எழுதியிருக்கிறார்கள். குண்டூர்க்காரர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ, நாம் அறியோம்!

யோசித்துப் பார்த்தால் இது மிகவும் சாமர்த்தியமான ஏற்பாடுதான். விளம்பரப் பலகை நட்ட இடத்திலேயே நிற்கும். தகடோ வண்டியோடு ஊர் ஊராய்ப் போகும். பக்கத்து ராஜ்யத்துக்காரன் சாலையில் பின்னால் வரும்போதெல்லாம் அதைப் படித்துத்தான் தீரவேண்டும். ஒரு நாள் அவனும் மூட்டை கட்டிக்கொண்டு அந்த ஊரைப் பார்க்கப் புறப்பட்டுவிடுவான்.

நாமும் மயங்கினோம். ஸான்டா ஃபே நகரத்துக் கடை ஒன்றில், மஞ்சள் நிறத்தில் சிவப்புச் சூரியன் பொறித்த பழைய தகடு ஒன்றை விலை கொடுத்து வாங்கினோம். வட்டம் ஒன்று; அதன் நான்கு புறங்களிலும் நான்கு நான்கு கதிர்கள். கோலம் போடப் பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கு இது மிகவும் பிடிக்கும் என்று நண்பரிடம் சொன்னோம். அப்பொழுது நாங்கள் பழைய கவர்னர் மாளிகையின் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தோம். அங்கே பூர்வகுடி மக்கள் துணி விரித்து, தங்கள் கைகளால் செய்த நகைகளையும் மண்பாண்டங்களையும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

நண்பர் நின்றார். "இந்தச் சூரியன் யாருடையது, தெரியுமா?" என்று கேட்டார்.

பிறகு அவர் சொன்ன கதை இதுதான். அது ஸியா என்னும் சிறு பூர்வகுடிக் கிராமத்தாரின் புனிதச் சின்னம். திசைகள் நான்கு, பருவ காலங்கள் நான்கு, பகலிரவின் பொழுதுகள் நான்கு, மனித வாழ்வின் பருவங்கள் நான்கு. இவற்றையே அந்தக் கதிர்கள் குறிக்கின்றன. அவர்களுடைய பழைய பானை ஒன்று பொருட்காட்சி சாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதிலிருந்த உருவத்தைக் கண்டு ஹாரி மேரா என்ற வைத்தியர் ராஜ்யக் கொடியைச் சித்திரித்தார். 1925-இல் அது சட்டப்படி கொடியாயிற்று. 1927-இல் தகட்டிலும் ஏறியது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஸியா மக்களிடம் மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1990-களில் அவர்கள் ராஜ்யத்திடம் ஈடு கேட்டு நின்றார்கள்.

சட்டத்தில் அவர்கள் கட்சி நிற்குமோ, நிற்காதோ, அது வேறு விஷயம். பண்பில் நிற்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஒரு விமானக் கம்பெனி அந்தச் சூரியனைத் தன் விமானத்தில் வரைய விரும்பியபோது, முன்கூட்டியே கிராமத்தாரிடம் அனுமதி கேட்டு, அவர்களுடைய பிள்ளைகளின் கல்வி நிதிக்கும் பணம் கொடுத்தது. கேட்பதற்கு எவ்வளவு சிறிய காரியம்! அதைச் செய்வதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று!

இதைக் கேட்ட பிறகு பையிலிருந்த தகடு நமக்குச் சற்றுக் கனத்தது என்பதை மறைப்பானேன்?

நம் தேசத்தில் 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புது வண்டிகளுக்கெல்லாம் அசோகச் சக்கர முத்திரையிட்ட ஒரே மாதிரித் தகடு வந்துவிட்டது. அதில் கோபுரத்துக்கும் இடமில்லை, மிளகாய்க்கும் இடமில்லை. ஆனால் ஊர்ப் பெருமையை விற்பதற்குத் தகடு ஒன்றுதானா வழி? சுவரொட்டி இருக்கிறது, பை இருக்கிறது, தேநீர்க் கோப்பை இருக்கிறது. யாத்திரிகர்கள் வரவேண்டும், ஊர் செழிக்கவேண்டும், அதில் நமக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. நெசவாளியின் கரையையும் குயவரின் குதிரையையும் தாராளமாக அச்சிடட்டும். ஆனால் அச்சிடுவதற்கு முன், அந்த நெசவாளியின் வீட்டுக்கும் குயவரின் வீட்டுக்கும் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வரட்டும். கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கு அந்த வீடுகளுக்கும் போய்ச் சேரட்டும்.

அந்தத் தகடு இப்பொழுது நம் மேஜைமேல் இருக்கிறது. பார்ப்பவர்கள், "அழகான சூரியன்!" என்கிறார்கள். "ஆம், ஸியா கிராமத்தாருடைய சூரியன்" என்று நாம் விடை சொல்கிறோம்.