தடுப்பூசி அட்டையில் ஒரு வரி

1/ போன வாரம் சென்னையில ஒரு மாநாட்டுல பேசிட்டு வந்தேன். எங்க குழந்தை மருத்துவர்கள் மாநாடு இல்ல. ஆடியாலஜிஸ்டுகளும் ஸ்பீச் தெரபிஸ்டுகளும் கூடுற மாநாடு. அங்க என்ன பேசினேன், என்ன கேட்டுட்டு வந்தேன்னு எழுதுறேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும், சீக்கிரம் வரப்போற வீட்டுக்கும் தேவைப்படும். நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ முதல்ல இவங்க யாருன்னு சொல்லிடறேன். காதுன்னா நமக்கு இ.என்.டி. டாக்டர்தான் ஞாபகம் வரும். காது எவ்வளவு கேட்குதுன்னு அளந்து, காது மிஷின் பொருத்தி, அதை சரிபார்க்கிறவர் ஆடியாலஜிஸ்ட். பேச்சு, மொழி, பக்கவாதத்துக்கு அப்புறம் வர்ற விழுங்கும் சிரமம், இதெல்லாம் ஸ்பீச் தெரபிஸ்ட் வேலை. நம்ம நாட்டுல பி.ஏ.எஸ்.எல்.பி.ங்கிற ஒரே பட்டப்படிப்பு ரெண்டையும் சொல்லித் தருது.

3/ ஆக, காதைப் பத்தி என்னைவிட நல்லா தெரிஞ்சவங்க நிறைஞ்ச ஹால். எனக்குக் கொடுத்தது 15 நிமிஷம். குழந்தை டாக்டரை எதுக்குக் கூப்பிட்டாங்க? குழந்தை அவங்ககிட்ட போறதுக்கு முன்னாடி எங்ககிட்டதான் வருது. எங்ககிட்ட இருந்து அவங்ககிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள நாள் எங்க தொலைஞ்சு போகுது? அதான் என் தலைப்பு.

4/ பிறக்கிற ஆயிரம் குழந்தைகள்ல சுமார் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு நிரந்தரமான கேட்புக் குறைபாடு இருக்கும். குறைமாதம், பிறந்ததும் ஐ.சி.யூ., கடுமையான மஞ்சள் காமாலை, சொந்தத்துல திருமணம், குடும்பத்துல காது கேளாமை, இதெல்லாம் இருந்தா வாய்ப்பு இன்னும் அதிகம். ஆனா எந்தக் காரணமும் இல்லாத குழந்தைக்கும் வரலாம். அதனாலதான் எல்லாக் குழந்தைக்கும் டெஸ்ட் வேணும்.

5/ இதுக்கு உலகம் முழுக்க சொல்ற கணக்கு 1-3-6. ஒரு மாசத்துக்குள்ள முதல் பரிசோதனை. மூணு மாசத்துக்குள்ள குறை இருக்கா இல்லையான்னு உறுதி. ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பம். ஏன் இவ்வளவு அவசரம்? குழந்தை பேசுறது ஒரு வயசுலதான், ஆனா மொழியைக் கேட்டுச் சேமிக்கிறது பிறந்த நாள்ல இருந்தே. அந்த வயசுல சத்தமும் வரல, சைகை மொழியும் கிடைக்கலன்னா, மூளை மொழி இல்லாமலே வளருது. போன காலத்தை எந்த மிஷினும் முழுசா திருப்பித் தராது.

6/ பெற்றோர் அனுமதியோட ஒரு குழந்தையோட கதையை அங்க சொன்னேன். ரெண்டரை வயசுப் பொண்ணு. ஒரு வார்த்தை பேசல. ஆட்டிசமா இருக்குமோன்னு பயந்து கூட்டிட்டு வந்தாங்க. கூட வந்த பாட்டி, "இவ அப்பனே மூணு வயசுலதான் தம்பி வாயத் தொறந்தான். இவளும் பேசிடுவா"ன்னாங்க. வீட்டுல தட்டைத் தட்டிப் பாத்திருக்காங்க, திரும்பியிருக்கா. அதனால காதுல சந்தேகமே வரல.

7/ தட்டு டெஸ்டை நம்பாதீங்க. தட்டு அசையிறது கண்ணு ஓரத்துல தெரியும். தரையில அதிர்வு வரும். கேட்காத குழந்தையும் திரும்பும். அதே மாதிரி, காது கேட்காத குழந்தையும் முதல் சில மாசம் 'ங்கா' சொல்லும், சிரிக்கும். அதுக்கப்புறம்தான் சத்தம் குறைய ஆரம்பிக்கும்.

8/ பேச்சு தாமதம்னு யார் வந்தாலும் நான் பிறந்தப்போ உள்ள ஃபைலைக் கேட்பேன். பிரசவம் நடந்தது வேற ஒரு ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜ் சம்மரிக்கு அடியில மடிச்ச ஒரு சின்ன தாள். மூணாவது நாள் எடுத்த காது டெஸ்ட். ரெண்டு காதுக்கும் நேரே 'ரெஃபர்'. அந்தத் தாளை அம்மா பாத்திருக்காங்க. அப்படின்னா என்னன்னு யாரும் சொல்லல. "ஏதோ பில்லுன்னு நெனச்சேன் சார்"னாங்க.

9/ பெரா டெஸ்ட் எடுத்தோம். ரெண்டு காதுலயும் தீவிரக் குறைபாடு. ரெண்டரை வருஷமா பதில் அந்த ஃபைல்லயே இருந்திருக்கு. இதைச் சொன்னப்போ ஹால்ல யாரும் ஆச்சரியப்படல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. எல்லாரும் இப்படி ஒரு தாளைப் பாத்தவங்க.

10/ 'ரெஃபர்'னா காது கேட்காதுன்னு அர்த்தம் இல்ல. 'இன்னொரு தடவை பாக்கணும்'னு அர்த்தம். பிறந்த ஓரிரு நாள்ல காதுக்குள்ள அழுக்கு, திரவம் இருந்தாலே ரெஃபர் வரலாம். மறுபடி எடுத்தா பெரும்பாலான குழந்தைகள் பாஸ் ஆயிடுவாங்க. மிச்சம் இருக்கிற சிலரைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடும்.

11/ நான் வெச்ச யோசனை சின்னது. காது டெஸ்டுக்குத் திரும்பி வராத அம்மாவும் தடுப்பூசிக்கு வருவாங்க. 6, 10, 14-வது வாரம், மூணு தடவை. அந்த அட்டையிலயே காதுக்கு ஒரு வரி எழுதுவோம். 6-வது வாரம்: மறு டெஸ்ட் எடுத்தாச்சா? 10-வது வாரம்: பெரா தேதி வாங்கியாச்சா? 14-வது வாரம்: ரிசல்ட் கையில இருக்கா? ஊசி போடற இடத்துல மிஷின் வேண்டாம். கேள்வி கேட்க ஒரு ஆள் போதும்.

12/ கேள்வி நேரத்துல, அரசு மருத்துவமனையில வேலை பாக்கிற ஒரு ஆடியாலஜிஸ்ட் எழுந்தாங்க. "அட்டையில எழுதலாம் சார். ஆனா முதல் நாள் அந்த அம்மாகிட்ட சொல்றது யாரு? தையல் வலி, தூக்கம் இல்ல, பால் வரலன்னு அழுதுட்டு இருப்பாங்க. அப்போ 'காதுல பிரச்சினை இருக்கலாம்'னா பயந்துடறாங்க. 'ஒண்ணும் இல்ல, சும்மா இன்னொரு தடவை'ன்னா வர மாட்டேங்கறாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்களுக்கு ஒரு வாக்கியம் வேணும்."

13/ அதுக்கப்புறம் அந்த அமர்வு அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஓடுச்சு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கடைசியில அவங்க வார்டுல அவங்களே சொல்றதையே எல்லாரும் எழுதிக்கிட்டாங்க: "இன்னைக்கு பதில் கிடைக்கலம்மா. பதில் கிடைக்கிற வரைக்கும் நாம விடக்கூடாது. இந்தத் தேதிக்கு வாங்க." இதை அம்மாகிட்ட மட்டும் இல்ல, கூட இருக்கிற பாட்டிகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லணும், தேதியை அட்டையில எழுதணும்னாங்க. என் 15 நிமிஷத்தைவிட இது பெருசு.

14/ இன்னொருத்தர் எழுப்பின விஷயம் பெற்றோருக்குக் கட்டாயம் தெரியணும். சாதாரணமா முதல்ல எடுக்கிறது ஓ.ஏ.இ. டெஸ்ட். உள்காது சரியா வேலை செய்யுதான்னு பாக்கும். ஆனா காதுல இருந்து மூளைக்குப் போற நரம்பைப் பாக்காது. கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை, ஐ.சி.யூ.ல இருந்த குழந்தை ஓ.ஏ.இ.ல பாஸ் ஆனாலும் நரம்புல கோளாறு இருக்கலாம். இவங்களுக்கு பெரா வகை டெஸ்டும் கேட்டு வாங்குங்க.

15/ இன்னும் ஒண்ணு. தமிழ்நாட்டுல 6 வயசுக்குள்ள உள்ள தகுதியான குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் உண்டு. "6 வயசு வரைக்கும் டைம் இருக்கே"ன்னு எடுத்துக்காதீங்க. 6 கடைசி எல்லை, சரியான வயசு இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு மிஷினை ஆன் பண்ணின அன்னைக்கு அந்தக் குழந்தை கேட்க ஆரம்பிச்ச முதல் நாள். அங்கிருந்து தெரபி வருஷக்கணக்கு.

16/ சரி, நீங்க என்ன பண்ணலாம்?

- டிஸ்சார்ஜ் ஆகும்போது "காது டெஸ்ட் எடுத்தாச்சா, ரிசல்ட் என்ன?"ன்னு கேளுங்க. எடுக்கலன்னா ஒரு மாசத்துக்குள்ள எடுங்க.
- ரெஃபர்னா பதறாதீங்க. தேதி வாங்காம மட்டும் வராதீங்க.
- பாஸ் ஆனாலும் முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க. மூளைக்காய்ச்சல் வந்தாலோ, பேச்சு தாமதமானாலோ மறுபடி எடுங்க. சில குறைபாடு பிறகுதான் வரும்.
- பேச்சு தாமதம்னா முதல் டெஸ்ட் காதுக்கு. மத்ததெல்லாம் அப்புறம்.
- தெரபிஸ்டுக்கு ஆர்.சி.ஐ. பதிவு இருக்கான்னு கேளுங்க. கேட்கிறதுல தப்பே இல்ல.

17/ பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. உங்க மகன் மூணு வயசுல பேசியிருக்கலாம். உண்மைதான். ஆனா பேசாமலே போன பிள்ளைகளோட கதையை யாரும் பெருமையா சொல்றதில்ல. அதனால அது உங்க காதுக்கு வரல.

18/ ஊருக்கு வந்ததும் எங்க கிளினிக் தடுப்பூசி அட்டைக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சுட்டோம். மூணு கேள்வி, பக்கத்துல மூணு கட்டம். ஊசி போடற சிஸ்டர் கையில இருக்கு. இதைப் படிக்கிற டாக்டர்களும் செவிலியர்களும் தாராளமா காப்பி அடிச்சுக்கோங்க. வீட்டுல கைக்குழந்தை இருந்தா, இன்னைக்கு ராத்திரியே அந்த ஃபைலை எடுத்து ஒரு தடவை புரட்டிப் பாத்துடுங்க.