பழைய திசைவி

தில்லியில் அரசுக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. ஞாயிறுதோறும் மாலையில், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் இருக்கும் பாட்டியுடன் காணொளி அழைப்பில் பேசுவது அவ்வீட்டின் வழக்கம். சில மாதங்களாக அந்தப் பேச்சு அடிக்கடி அறுந்தது. "கண்ணு, உன் முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே!" என்று பாட்டி வருந்தினார். எட்டாம் வகுப்பில் பயிலும் பேத்திக்கும் அது பெருங்குறையாக இருந்தது.

"நம் திசைவி பழையதாகிவிட்டது, புதியது வாங்கிவிடலாம்" என்றார் தந்தை. கம்பிவழி வீட்டுக்கு வரும் இணையத்தை வானொலி அலைகளின் மூலம் கருவிகளுக்குப் பகிர்ந்து தரும் சிறு பெட்டியே திசைவி. பேச்சு வழக்கில் அதனை ரவுட்டர் என்பர். தாய் உடனே இசையவில்லை. "நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்கலாமா? முதலில் குறை எங்கே என்று பார்ப்போம்" என்றார்.

பார்க்கும் பொறுப்பை மகள் ஏற்றாள். அவர்கள் கட்டணம் செலுத்துவது நொடிக்கு 40 மெகாபிட் வேகத்திற்கு. மடிக்கணினியைத் திசைவியுடன் கம்பியால் இணைத்தபோது, அவ்வேகம் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது. கம்பியை நீக்கித் திசைவியின் அருகிலேயே சோதித்தபோதும் பெரிதாகக் குறையவில்லை. தன் அறைக்குச் சென்று சோதித்தபோதோ வேகம் 3 மெகாபிட்டாகச் சரிந்தது. ஆகவே, வெளியிலிருந்து வரும் இணைப்பிலும் குறையில்லை, திசைவியும் பழுதாகவில்லை. இடையில் உள்ள வழியில்தான் தடை இருந்தது.

அந்தத் திசைவி, இரும்பு அலமாரிக்குப் பின்னே, நுண்ணலை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. இரும்பு வானொலி அலைகளைத் தடுக்கும். நுண்ணலை அடுப்பு இயங்குவதும் பழைய திசைவிகள் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான். போதாக்குறைக்கு, அண்டை வீட்டுத் திசைவிகள் பலவும் 6ஆம் தடத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அவ்வலைவரிசையில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. எனவே திசைவியை நடுக்கூடத்தின் உயர்ந்த பலகைக்கு மாற்றி, 11ஆம் தடத்தில் அமைத்தனர். அடுத்த ஞாயிறு பாட்டியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

"இனிப் புதியது எதற்கு?" என்று இப்போது தந்தையே கேட்டார். ஆனால் மகள் இன்னொன்றையும் கண்டறிந்திருந்தாள். திசைவியின் அடியில் அச்சிட்டிருந்த வகை எண்ணைக் கொண்டு தேடியபோது, அதற்குரிய மென்பொருள் புதுப்பிப்புகள் நின்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

திசைவி வீட்டு வலையமைப்பின் வாயிற்கதவு போன்றது. அதன் பூட்டில் காலப்போக்கில் புதிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். 2017இல், உலகெங்கும் பயன்பட்ட டபிள்யூ.பி.ஏ.2 என்னும் பாதுகாப்பு முறையிலேயே ஒரு பலவீனம் வெளிப்பட்டது. நிறுவனங்கள் புதுப்பிப்புகளை அனுப்பி அதனைச் சரிசெய்தன. புதுப்பிப்பு வராத கருவியில் ஓட்டை அப்படியே நிற்கும். கருவியோ வழக்கம்போல் விளக்கெரிய ஓடிக்கொண்டிருக்கும்.

தாய் சற்று நேரம் எண்ணினார். "வேகத்திற்காக வாங்க வேண்டியதில்லை, பாதுகாப்பிற்காக வாங்கத்தான் வேண்டும்" என்றார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எவ்வளவு விலையுயர்ந்த திசைவியும் 40 மெகாபிட் இணைப்பை 400 ஆக்காது. எனவே, டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு உடையதும், புதுப்பிப்புகள் எதுவரை கிடைக்கும் என்று நிறுவனம் தெளிவாகக் கூறியிருப்பதுமான நடுத்தர விலைத் திசைவியைத் தேர்ந்தனர்.

பழைய திசைவியிலிருந்த கடவுச்சொற்களை அழித்து, அதனை மின்னணுக் கழிவு சேகரிக்கும் மையத்தில் ஒப்படைத்தனர். புதியதன் அடியில் மகள் ஒரு சிறு தாளை ஒட்டினாள். அதில் இரண்டு நாள்கள் எழுதப்பட்டிருந்தன: ஒன்று, அது வாங்கிய நாள், மற்றொன்று, அதன் புதுப்பிப்புகள் நிற்கும் நாள்.