இரண்டு வால்யூம் எதற்கு?

இரண்டு பிக்கப் உள்ள பேஸ் கிதாரில் ஆளுக்கொரு வால்யூம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு டோன் என்பது பழகிப்போன ஏற்பாடு. ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் 1960இல் வந்தபோது குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஓரிரு ஆண்டுகளில் அது போய் இந்த மூன்று குமிழ் நிலைத்தது. முத்துக்குளித்துறைக் கோவில்களில் பாடகர் குழுவோடு வாசிப்பவருக்கு ஒரே வால்யூமும், பிக்கப்புகளைக் கலக்க ஒரு பிளெண்டும், ஒரு டோனும்தான் பொருத்தம் என்பது என் கட்சி. திருப்பலியின் அமைப்பே அதற்குக் காரணம். பதிலுரைப் பாடலில் ஒருவர் தனியாக அடிகளைப் பாடுகிறார். அடுத்த கணம் கோவிலே பல்லவியை எடுக்கிறது. பேஸ் அங்கே தணிந்து இங்கே எழ வேண்டும், நாதம் மட்டும் மாறக் கூடாது. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் முழுதாகத் திறந்திருக்கும்போது நடு அலைவரிசைகளில் சில ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றைச் சற்றுக் குறைத்தாலே அந்தப் பள்ளம் நிரம்பி, நடுப்பகுதி முன்னே வந்துவிடும். இரு குமிழ்களையும் அவசரத்தில் ஒரே அளவு திருப்ப எந்தக் கையாலும் ஆகாது. விளைவு, ஒலி அடங்க வேண்டிய இடத்தில் பாடுபவரின் குரலோடு மோதும் பகுதி தலைதூக்குகிறது. இரு பிக்கப்பும் சமமாக இருந்தால்தான் மின்கம்பி இரைச்சலும் அடங்கும் என்பது இன்னொரு சங்கடம். பிளெண்டின் நடுவில் ஒரு ‘டிக்’ உண்டு. பாட்டுத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சமநிலை விரலுக்குத் தெரியும்.

அறுபது ஆண்டு நிலைத்ததைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். இளையராஜா பாடல்களில் சசிதரனின் பேஸைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் அளவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கோவில் மாடத்தில் அந்த வேலையும் வாசிப்பவர் தலையில்தான். பிளெண்ட் ஒலியை மந்தமாக்கும் என்ற புகார் இதைவிடக் கனமானது, பாதி உண்மையும்கூட. பிளெண்டின் இரு தடங்களும் வால்யூமும் தலா 250 கிலோ ஓம் என்றால் பிக்கப் காணும் சுமை சுமார் 83 கிலோ ஓமுக்கு இறங்கி, மேல்ஸ்தாயி மங்கும். பிளெண்டை மட்டும் 500 ஆக்கினால் சுமை 125. இரண்டு 250 வால்யூம் தரும் அளவும் அதேதான். பழி குமிழின் மதிப்புக்குரியது, ஏற்பாட்டுக்கல்ல.

எனக்குத் தயக்கம் தருவது உப்புக் காற்றுதான். கடலும் உப்பளமும் சூழ்ந்த தூத்துக்குடியில் உலோகம் சீக்கிரம் அரிக்கும். குமிழ் கரகரக்கத் தொடங்கும். சாதாரண வால்யூம் கன்ட்ரோல் சுலபமாகக் கிடைக்கும், இரட்டைத் தட பிளெண்ட் அப்படியல்ல. வாங்கும்போதே உபரியாக ஒன்று வாங்கி வைப்பது நல்லது. அதுவும் கைவசம் இல்லாமல் திருவிழா நேரத்தில் பழுதானால், இரண்டு பிக்கப் ஒயர்களையும் நேரே வால்யூமில் பற்றவைத்துவிடலாம். கலக்கும் வசதி போகும். இரண்டும் முழுதாகத் திறந்த நாதமும் அந்த ஒற்றை வால்யூமும் மிஞ்சும், அன்றைய பூசைக்கு அது போதும்.